கூரைமேல் தட்டிய கைகள்

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. டெல்லியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மேம்பாலமோ பெரிய கட்டடமோ எழும்பிக்கொண்டிருந்த சமயம். பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்குப் பத்தொன்பது வயது. மடியில் ஒரு டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு, லாரியின் முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டைப்ரைட்டர் எப்படி லாரி ஏறியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு குமாஸ்தா வேலைக்கான எழுத்துத் தேர்வில் நான் தேறியிருந்தேன். மிச்சம் இருந்தது டைப்பிங் தேர்வு மட்டும்தான். அதற்கு மெஷினை நாமேதான் கொண்டுபோக வேண்டும். இன்ஸ்டிட்யூட்டில் கெஞ்சி ஒரு பழைய மெஷினை வாடகைக்கு எடுத்திருந்தேன். ஒரு மூட்டை சிமெண்டை இடுப்பில் வைத்த மாதிரி கனம். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்னையும் சேர்த்து இறக்கிவிடுவார். ஆட்டோவுக்கெல்லாம் எங்களுக்கு வழியில்லை.

நாங்கள் ஆர்.கே.புரத்துக்குப் பின்னால் இருந்த குடிசைப் பகுதியில் இருந்தோம். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த முப்பது குடும்பம். ஆண்கள் கொத்தனார், கையாள். பெண்கள் சித்தாள். எங்கள் அம்மாவும் சித்தாள்தான். அப்பாவுக்கு அந்த மாதம் ஃபரிதாபாத்தில் வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடத்துப் படியை மிதித்த முதல் ஆள் நான். தமிழ் சொல்லித்தரும் பள்ளியில் படித்து, பன்னிரண்டாவதில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தவள். இதைச் சொல்லும்போது இப்போதுகூட என் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிடும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

குடிசைப் பகுதியில் எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. எங்கள் பெண்களுக்கு இந்தி தெரியாது. மேஸ்திரிக்கும் டிரைவருக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் தமிழ் தெரியாது. நடுவில் நான். மேஸ்திரி கத்துவதைப் பாதியாகக் குறைத்துத் தமிழில் சொல்வேன். பதிலுக்கு எங்கள் பெண்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவதை, "சரி, நாளைக்குச் சீக்கிரம் வந்துடறோம்னு சொல்றாங்க" என்று இந்தியில் மாற்றிவிடுவேன். சண்டை அங்கேயே அடங்கிப்போகும். இரண்டு பக்கமும் என்னை மெச்சும். இப்படி மாற்றிச் சொல்வது ஒரு சாமர்த்தியம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் இன்னும் ஏழு பேரும் வேலைக்குப் போகிற லாரி, என் தேர்வு நடக்கும் பள்ளிக்கூடத்தைத் தாண்டி, லோதி ரோடு பக்கமாகப் போவதாக இருந்தது. கட்டட வேலைக்கு ஞாயிறு ஏது? டிரைவர் ஹரியானாக்காரர், நாற்பது வயது இருக்கும், காதை மூடி மஃப்ளர் சுற்றியிருப்பார். என்னை "மாஸ்டர்னி" என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் ஊரில் பள்ளிக்கூடத்து டீச்சருக்கு அதுதான் பேர். "மாஸ்டர்னி முன்னாடி உட்காரட்டும், மெஷின் குலுங்கக் கூடாது" என்று அவரே சொல்லிவிட்டார்.

வழியில் ஒரு பழைய சைட்டில் சென்ட்ரிங் பலகைகளை ஏற்ற வேண்டியிருந்தது. கான்கிரீட் போடும்போது அடியில் முட்டுக்கொடுப்பார்களே, அந்தப் பலகைகள். அம்மா கீழேயிருந்து எடுத்துக் கொடுக்க, எதிர் குடிசை அத்தை லாரிமேல் நின்று வாங்கி அடுக்கினாள். நான் கேபினில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, சத்தம் வராமல் விரல் பழகிக்கொண்டிருந்தேன். பலகை தீர்வதாக இல்லை. ஒன்பதரைக்கு நான் அங்கே இருக்க வேண்டும். ஒன்பதாகிவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சீக்கிரம்மா, ஜல்தி!" என்று இரண்டு தடவை நானே விரட்டினேன். லாரியின் பக்கப் பலகைக்கு மேலே ஓராள் உயரத்துக்குச் சரக்கு ஏறியிருந்தது. குறுக்கே ஒரு கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டினார்கள். அதன்மேல் எட்டுப் பெண்களும் ஏறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் தினமும் அப்படித்தான் போவார்கள்.

கேபின் கூரையில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போகலாம். பாஷை தெரியாத டிரைவருக்கும் மேலே இருக்கிறவர்களுக்கும் அதுதான் ஒப்பந்தம். இரண்டு தட்டு விழுந்தது. கிளம்பினோம்.

ரோடு காலியாக இருந்தது. "பையா, கொஞ்சம் சீக்கிரம். பரீட்சை போயிடும்" என்றேன். பையா என்றால் இந்தியில் அண்ணன். அவர் சிரித்துக்கொண்டே அழுத்தினார். இரண்டு பக்கமும் வேப்ப மரங்கள் பின்னால் ஓட, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும்: முன் சீட்டில் வேகம் தெரியவே இல்லை. கண்ணாடி மூடியிருந்தது, இஞ்சின் சூட்டில் கால் கதகதப்பாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கூரைமேல் தட்டும் சத்தம். ஒரு தட்டும் இல்லை, இரண்டு தட்டும் இல்லை. பல கைகள் சேர்ந்து தடதடவென்று அடித்தன. அதற்கு ஒப்பந்தத்தில் அர்த்தம் இல்லை. காலை நேரத்தில் குஷி வந்தால் அவர்கள் கூரையில் தாளம் போட்டுப் பாடுவதும் உண்டு. டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன மாஸ்டர்னி, மேலே என்ன சொல்றாங்க?"

எனக்குக் கேட்டது. அம்மாவின் குரல், வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. "கவுறு தளருதுடி! மெதுவாப் போவச் சொல்லு!"

நான் மணியைப் பார்த்தேன். ஒன்பதேகால்.

"ஒண்ணுமில்ல பையா. பாடறாங்க. எனக்கு நேரமாச்சுன்னு சீக்கிரம் போகச் சொல்றாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். எப்போதும் மாற்றிச் சொல்கிற மாதிரியே, அதே குரலில். அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

எதிரே ஒரு கோல் சக்கர் வந்தது. டெல்லியில் சாலைகள் சந்திக்கிற இடத்தில் நடுவே புல்லும் பூச்செடியும் வைத்து வட்டமாகக் கட்டியிருப்பார்களே, அது. அதே சமயம் வட்டத்துக்குள் ஒரு பால்காரர், சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன் தொங்க, மெதுவாக மிதித்துக்கொண்டு குறுக்கே வந்தார். டிரைவர் சட்டென்று இடது பக்கம் ஒடித்தார்.

லாரி இடது பக்கம் திரும்பியது. மேலே இருந்த பாரம் திரும்பவில்லை. அது வலது பக்கம் போயிற்று. என் பக்கத்து ஜன்னலில் தெரிந்துகொண்டிருந்த ரோடு காணாமல் போய், வேப்ப மரத்தின் உச்சி தெரிந்தது. பிறகு வெறும் வானம். நான் சரிந்து டிரைவர்மேல் போய் விழுந்தேன். மெஷின் என் தாடையில் இடித்தது. இடது சக்கரங்கள் தரையில் இல்லை. வளைவில் வேகமாகப் போகும் வண்டி எந்தப் பக்கம் சாயும், பாரம் உயர்ந்தால் ஏன் சீக்கிரம் கவிழும் என்று பள்ளிக்கூடப் பரீட்சையில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தப் படத்தில் வண்டிமேல் ஆட்கள் யாரும் இல்லை.

டிரைவர் பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினார். லாரி ஒரு கணம் யோசித்தது. பிறகு 'தொம்'மென்று எல்லாச் சக்கரமும் தரையில் விழுந்து, வட்டத்தின் விளிம்புக் கல்லை உரசி நின்றது. பின்னால் பலகைகள் சரிகிற சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அதோடு பெண்களின் அலறல்.

இறங்கி ஓடினேன். ஆறு பேர் அறுந்தும் அறாமலும் தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு லாரியின் பக்கப் பலகையில் வவ்வால் மாதிரி தொங்கினார்கள். அதில் ஒருத்தி அம்மா. இன்னொரு பெண் மேலேயே குப்புறப் படுத்துப் பலகையைக் கட்டிக்கொண்டிருந்தாள். எதிர் குடிசை அத்தையை மட்டும் காணவில்லை.

அவள் வட்டத்துக்குள் பூச்செடிகளுக்கு நடுவே கிடந்தாள். தோட்டக்காரர் அப்போதுதான் பைப்பில் தண்ணீர் விட்டிருந்தார். மண் சேறாக இருந்தது. அவளுக்கு ஒரு முழம் தள்ளி ஏழெட்டுப் பலகைகள் மண்ணில் குத்திட்டு நின்றன. நான் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சேறு.

"என் தூக்குச்சட்டி எங்கடி?" என்றாள்.

அதைக் கேட்டு நான் அழ ஆரம்பித்தேன். லாரியில் தொங்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அத்தைக்குக் கணுக்கால் சுளுக்கி வீங்கியிருந்தது. அம்மாவுக்குக் கயிறு உரசி உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. பால்காரருக்கு ஒன்றுமில்லை, ஒரு கேன் மட்டும் கவிழ்ந்திருந்தது. கோபத்தில் அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தினார்.

ஐந்து நிமிஷத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பால் பூத்துக்கு வந்தவர்கள், காலை நடைக்கு வந்த பெரிய மனிதர்கள், ஒரு பஸ் நிறையப் பேர். டிரைவரைச் சுற்றிக்கொண்டார்கள். "குடிச்சிட்டு ஓட்டறான்." "இவனுங்க உயிரை மதிக்கிறதே இல்லை." ஒருவர் அவருடைய மஃப்ளரைப் பிடித்து இழுத்தார். போலீஸ்காரர் ஒருவர் வந்து லைசென்ஸை வாங்கிக்கொண்டு கேட்டார், "மேலே இவ்வளவு பேர் இருக்கும்போது எதுக்கு இந்த வேகம்?"

டிரைவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் கூட்டத்துக்குள் நுழைந்து இந்தியில் சொன்னேன். நான்தான் வேகமாகப் போகச் சொன்னேன். மேலே இருந்தவர்கள் மெதுவாகப் போகச் சொன்னார்கள், இவருக்கு அந்தப் பாஷை தெரியாது, என்னைக் கேட்டார், நான் மாற்றிச் சொன்னேன். போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிச்ச பொண்ணா நீ?"

டிரைவர்தான் பேசினார். "ஸ்டீயரிங் என் கையில இருந்தது சாகிப். அவ கையில இல்ல."

அவரைத் திட்டி, பலகையைக் குறைத்து ஏற்றச் சொல்லி, பேரை எழுதிக்கொண்டு போலீஸ்காரர் விட்டுவிட்டார். கூட்டம் கலைந்தது. பெண்கள் பலகைகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். நானும் ஒரு பலகையைத் தூக்கினேன்.

"அதைக் கீழ போடுடி. பரீட்சைக்குப் போவலையா?" என்றாள் அத்தை, விளிம்புக் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.

"நான் போகலை அத்தை."

"போவலையா? அப்போ என் காலு சும்மாவா சுளுக்கிச்சு? கெளம்பிப் போடீ!"

அம்மா கேபினிலிருந்து மெஷினை இறக்கினாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சும்மாடாகச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "தூக்கி வை" என்றாள். தூக்கி வைத்தேன். எழுந்து நடக்க ஆரம்பித்தாள். கை எரிந்ததால் பிடிக்கவும் இல்லை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு, பெரிய பங்களாக்கள் இருக்கிற அந்தச் சாலையில், தலையில் டைப்ரைட்டரோடு அம்மா முன்னால் போக, நான் ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஒரு மைல் இருக்கும். பாதி தூரம் வந்திருப்போம். தலையில் பாரம் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்த்துப் பேச முடியாது. அம்மா நேரே பார்த்தபடியே கேட்டாள்.

"மேல அவ்ளோ கத்தினு இருந்தோமே. உனக்குக் கேட்டுச்சா?"

நான் போலீஸ்காரரிடம் சொன்னதெல்லாம் இந்தியில். அம்மாவுக்கு அதில் ஒரு வார்த்தை புரிந்திருக்காது. இஞ்சின் சத்தம், கண்ணாடி மூடியிருந்தது, கேட்கவில்லை என்றால் நம்பிவிடுவாள். இந்தியில் சொன்னதைத் தமிழிலும் சொல்ல வேண்டியது என் பொறுப்பில் பாக்கி இருந்தது. பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷைதான். அதில் இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"கேட்டுச்சும்மா."

அம்மா நடந்துகொண்டே இருந்தாள். முகம் தெரியவில்லை. முதுகும், சும்மாடும், மெஷினும்தான் தெரிந்தன. ஒரு விளக்குக் கம்பம் தாண்டியது. இன்னொன்று தாண்டியது.

"கேக்கலன்னு சொல்லியிருந்தா, இந்த மெஷினை இங்கயே எறக்கி வெச்சுட்டுப் போயிருப்பேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அழுதுகொண்டே நடந்தேன். அவள் தடுக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டரிலும் ரிக்‌ஷாவிலும் மெஷின்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். ஒரு விஷயம் சொல்லவில்லையே. அன்று காலை என் திட்டப்படி, ஒரு தெரு முன்னாலேயே லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வதாக இருந்தது, லாரியும் அதன்மேல் இருக்கிறவர்களும் யார் கண்ணிலும் படக் கூடாது என்று. இப்போது வாசல்காரர் சேறு படிந்த புடவையைப் பார்த்து, "இது யாரு, கூலியா? உள்ளே வரக் கூடாது" என்றார். "எங்க அம்மா" என்றேன். அது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. முதல் அணிக்குத் தேர்வு தொடங்கிவிட்டதால், இரண்டாவது அணியில் என்னை உட்கார வைத்தார்கள்.

தேர்வில் நான் தேறவில்லை. வரிக்கு வரி தப்பு. பத்து மாதம் கழித்து மறுபடி வாய்ப்பு வந்தது.

அதற்குள் குடிசைப் பகுதியில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டிருந்தேன். முதல் நாள் யாரும் என்னிடம் பேசவில்லை. இரண்டாம் நாள் அத்தை, "ஊருக்கு ஒரு கடுதாசி எழுதணும், வாடி. நான் சொல்றதை மட்டும் எழுது" என்று கூப்பிட்டாள். அதிலிருந்து பெண்கள் திட்டினால் திட்டியதாகவே மேஸ்திரியிடம் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நாள் பெரிய ரகளையாக இருந்தது. பிறகு மேஸ்திரி கத்துவதைக் குறைத்துக்கொண்டார்.

இரண்டாவது தேர்வுக்கும் அதே லாரி, அதே டிரைவர். ஆனால் இந்தத் தடவை முன் சீட்டில் அத்தை. குளிரில் கணுக்கால் வலிக்கிறது என்று மகாராணி மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் மெஷினைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சரக்குக்கு மேலே அம்மாவோடு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. கீழே ஒரு சின்னத் திருப்பம் என்றால், மேலே அது ஊஞ்சல். ஒரு சின்னப் பள்ளம் என்றால் அந்தரம். காற்றில் கண் திறக்க முடியவில்லை. அம்மா இதில் ஒன்பது வருஷம் போய் வந்திருக்கிறாள், அவள் பெண் கீழே மெஷின் குலுங்கக் கூடாது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

காலியான ரோட்டைப் பார்த்ததும் டிரைவர் பழக்கதோஷத்தில் லேசாக அழுத்தினார். யாரும் தட்டுவதற்கு முன் நான் தட்டினேன். வேகம் குறைந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மேலே பார்த்துக் கத்தினார்.

"மாஸ்டர்னி! இப்ப என்ன சொல்றாங்க?"

"மெதுவாப் போகச் சொல்றாங்க பையா!"

அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் தமிழில் சொன்னதும், மேலே இருந்த ஏழு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா கயிற்றைப் பிடித்திருந்த கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டாள். அன்று பத்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம், தேறியும்விட்டேன்.

இப்போது லோதி ரோடில் ஒரு ஆபீசில் வேலை. ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்து அம்மாவும் அப்பாவும் என்னோடு இருக்கிறார்கள். அம்மா தலையில் இப்போது எந்தப் பாரமும் ஏறுவதில்லை. சில சமயம் வேலையாக ஆபீஸ் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து போக நேரும். நேரமாகிவிட்டது, வேகமாக ஓட்டட்டுமா என்று டிரைவர் கேட்பார். ரோடு காலியாகத்தான் இருக்கும், என் காது மட்டும் முன்னால் இருக்காது. பின் சீட்டில் இருக்கிறவர்கள் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம்கூட இப்போது எனக்குக் கேட்கிறது, கேட்டதைக் கேட்டபடியே சொல்லிவிடவும் பழகிவிட்டேன்.